தோசைக்கல்லில் டாக்கோ சுவைக் குட்டிப் பீட்சா

மக்காச்சோள மாவில் தட்டிச் சுட்ட மெல்லிய ரொட்டியை மடித்து, அதற்குள் கறியையோ பயற்றையோ வைத்து, மேலே பச்சை வெங்காயமும் கொத்தமல்லியும் எலுமிச்சைச் சாறும் சேர்த்துக் கையில் பிடித்து உண்பது மெக்சிகோ நாட்டின் டாக்கோ. அந்த நாட்டின் எல்லையை ஒட்டிய அமெரிக்க மாநிலமான டெக்சாஸில் வளர்ந்த சமையலில் சீரகமும் மிளகாய்ப்பொடியும் தூக்கலாகச் சேர்ந்தன. இன்று பெரிய கடைகளில் 'டாக்கோ மசாலா' என்று பொட்டலத்தில் விற்கப்படுவது பெரும்பாலும் இந்தச் சுவைதான். அதை உள்ளங்கை அகலமுள்ள சிறிய பீட்சாக்களின் மேல் ஏற்றி, பீட்சா சுடும் 'அவன்' அடுப்பு இல்லாத வீட்டிலும் தோசைக்கல்லை வைத்தே ஒரு குடும்பத்துக்கு இரவு உணவாகச் செய்து முடிக்கும் முறையை இங்கே எழுதுகிறேன்.

இந்தச் சமையலுக்குத் தேவையானவற்றில் சீஸ், ஆரிகனோ என்னும் உலர்ந்த இலை, ஈஸ்ட், மக்காச்சோள மாவு ஆகியவை தவிர மற்றவை பெரும்பாலும் மதுரைப் பக்கத்து வீடுகளில் எப்போதும் இருப்பவை. கடினமும் அங்கேதான் இருக்கிறது. சீரகம், மல்லி, மிளகாய், பூண்டு, வெங்காயம் ஆகியவை சட்டியில் விழுந்தவுடன் பழகிய கை தானாகவே மஞ்சள்பொடிக்கும் சோம்புக்கும் கறிவேப்பிலைக்கும் போய்விடும். அவை சேர்ந்தால் கிடைப்பது சுக்கா வறுவல். அது மிக நல்ல உணவுதான், ஆனால் இன்று நாம் செய்ய நினைத்தது அதுவன்று. ஆகவே டாக்கோ சுவைக்கு எதைச் சேர்ப்பது என்பதைவிட எதைத் தவிர்ப்பது என்பதில்தான் அதிகக் கவனம் வேண்டும். இரண்டாவதாக, மேலே வைக்கும் கறியிலோ பயற்றிலோ ஈரம் தங்கக் கூடாது. இந்த இரண்டையும் காத்துக்கொண்டால் மற்றவற்றில் சிறிது முன்பின்னாக இருந்தாலும் பீட்சா கெட்டுப் போகாது.

கீழே சொல்லும் அளவுகள் 4 அங்குல அகலத்தில் 12 பீட்சாக்களுக்கு உரியவை. ஒரு வேளை உணவாக நான்கு பேருக்கு இது போதும். வீட்டில் வளரும் பிள்ளைகள் இருந்தால் ஒன்றரை மடங்காகப் பெருக்கிக்கொள்ளலாம்.

மசாலா

சீரகம் ஒரு மேசைக்கரண்டி, முழு மல்லி இரண்டு தேக்கரண்டி, மிளகு அரைத் தேக்கரண்டி எடுத்துக்கொள்ளுங்கள். அடிகனமான இரும்புச் சட்டியை மெல்லிய தீயில் வைத்து, எண்ணெய் இல்லாமல் முதலில் மல்லியையும் மிளகையும் போட்டு வறுத்து, மல்லி சூடேறி மணக்கத் தொடங்கிய பிறகு சீரகத்தைச் சேர்க்க வேண்டும். சீரகம் சிறியது என்பதால் மூன்றையும் ஒன்றாகப் போட்டால் மல்லி வறுபடுவதற்குள் அது கருகிக் கசந்துவிடும். சீரகத்தின் நிறம் ஒரு படி மட்டும் இறங்கி, மணம் அடுப்படியைத் தாண்டி வரும் நேரத்தில் சட்டியை இறக்கி, உடனே ஒரு தட்டில் கொட்டிவிடுங்கள். சட்டியிலேயே விட்டுவைத்தால் இரும்பில் தங்கியிருக்கும் சூடு வறுத்துக்கொண்டே இருக்கும். ஆறியதும் மிக்ஸியில் விட்டுவிட்டு ஓட்டி, ரவைப் பதத்தில் கொரகொரப்பாக எடுத்துக்கொள்ளுங்கள். மாவாக அரைத்த சீரகத்தைவிடப் பல்லில் லேசாகக் கடிபடும் சீரகம் இந்த உணவுக்குப் பொருந்துகிறது.

மிளகாயில் நிறமும் காரமும் தனித்தனி வேலைகள். நிறத்துக்குக் காஷ்மீரி மிளகாய்ப்பொடி ஒன்றரைத் தேக்கரண்டி, காரத்துக்கு வீட்டுத் தனி மிளகாய்ப்பொடி அரைத் தேக்கரண்டி என்பது பிள்ளைகளும் உண்ணக்கூடிய அளவு. குழம்புக்கு என்று அரைத்து வைத்திருக்கும் மிளகாய்ப்பொடியில் மல்லி, மஞ்சள், பருப்பு, சில வீடுகளில் வெந்தயம் எனப் பலவும் கலந்திருக்கும் என்பதால் அதை இங்கே தொடவே வேண்டாம். கொஞ்சம் கூடுதல் உழைப்புக்கு ஆயத்தமாக இருப்பவர்களுக்கு முண்டு வத்தலைச் சொல்வேன். ராமநாதபுரம் முண்டு மிளகாய் 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது. கீழமாசி வீதி மளிகைக் கடைகளில் கேட்டால் குண்டு குண்டாக, தடித்த தோலுடன் எடுத்துத் தருவார்கள். மூன்று வத்தலைக் காம்பும் விதையும் நீக்கி, சூடான சட்டியில் சில நொடிகள் புரட்டி, சீரகத்தோடு சேர்த்து அரைத்தால், வீட்டு மிளகாய்ப்பொடி தேவைப்படாது. மிளகாயே அமெரிக்கக் கண்டத்துப் பயிர்தான். 16-ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் வழியாக இந்தியா வந்து, கமுதி, முதுகுளத்தூர் பக்கத்து வறண்ட நிலத்தில் வேரூன்றிய ஒரு வகையை மீண்டும் மெக்சிகோச் சுவைக்கே பயன்படுத்துவதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி உண்டு.

அடுத்தது ஆரிகனோ. பீட்சா வாங்கும்போது வரும் சிறு பொட்டலங்களில் இருப்பதே போதும். ஒரு தேக்கரண்டி அளவு எடுத்து, உள்ளங்கையில் வைத்துக் கசக்கி மசாலாவோடு கலந்துகொள்ளுங்கள். அது இல்லாதபோது வீட்டு வாசலில் தொட்டியில் வளரும் கற்பூரவல்லி கைகொடுக்கும். ஆரிகனோவின் மணத்துக்கு அடிப்படையான கார்வகரால் என்னும் பொருள் கற்பூரவல்லி இலையிலும் இருக்கிறது. கரீபியன் தீவுகளில் இந்த இலையையே ஆரிகனோவாகச் சமையலில் சேர்க்கிறார்கள். ஆனால் நமக்கு இது சளிக்குக் கசாயம் வைக்கும் இலையாகவே பழக்கம் என்பதால், கூடிப் போனால் மருந்து வாடை என்று பிள்ளைகள் தட்டைத் தள்ளிவிடுவார்கள். நடுத்தர அளவுள்ள மூன்று இலைகளை மிகப் பொடியாக நறுக்கி, கறியை இறக்குவதற்கு இரண்டு நிமிடத்துக்கு முன்பு சேர்த்தால் சரியாக இருக்கும்.

மஞ்சள்பொடி, சோம்பு, பட்டை, கிராம்பு, கறிவேப்பிலை, இஞ்சி, தேங்காய் ஆகிய எதுவும் இதில் சேராது. இஞ்சி இல்லாத பூண்டை நாம் அதிகம் சமைப்பதில்லை, குளிர்பெட்டியில் இருப்பதும் பெரும்பாலும் இஞ்சி பூண்டு விழுதுதான். அந்த விழுதை அப்படியே ஒரு கரண்டி போட்டுவிடும் ஆசையை இன்று அடக்கிக்கொள்ள வேண்டும். பூண்டை மட்டும் தனியாக உரித்துத் தட்டிக்கொள்ளுங்கள். உப்பையும் மசாலாவில் கலக்காமல் கறியில் மட்டும் பார்த்துச் சேர்ப்பது நல்லது, ஏனென்றால் சீஸில் ஏற்கெனவே உப்பு இருக்கிறது.

அடிமாவு

டாக்கோவின் ரொட்டி மக்காச்சோளத்தால் ஆனது. அந்த வாசனையை நம் பீட்சாவிலும் கொண்டுவர, மைதாவோடு மஞ்சள் நிற மக்காச்சோள மாவைக் கலக்கிறோம். கடையில் 'கார்ன் ஃப்ளவர்' என்று கேட்டால் சூப்பைக் கெட்டியாக்கும் வெள்ளை மாவைத் தருவார்கள். அது சோளத்திலிருந்து பிரித்த வெறும் மாவுச்சத்து, அதில் சோள மணம் இருக்காது. நமக்கு வேண்டியது முழு மணியை அரைத்த மஞ்சள் மாவு. பேரையூர், தே.கல்லுப்பட்டிப் பக்கம் மக்காச்சோளம் விளைகிறது என்பதால் ஊர்ப்பக்கம் உறவு உள்ளவர்கள் காய்ந்த மணியாகவே வாங்கி மாவு மில்லில் அரைத்துக்கொள்ளலாம். மெக்சிகோவில் மணியைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்துத் தோலை நீக்கிய பிறகே அரைக்கிறார்கள், அங்கத்திய ரொட்டியின் தனி மணம் அதனால் வருவது. அவ்வளவு தூரம் நாம் போகத் தேவையில்லை.

மைதா 225 கிராம், மக்காச்சோள மாவு 75 கிராம், உடனடி ஈஸ்ட் ஒரு தேக்கரண்டி, சர்க்கரை ஒரு தேக்கரண்டி, உப்பு ஒரு தேக்கரண்டி ஆகியவற்றைக் கலந்து, ஏறக்குறைய 190 மில்லி தண்ணீரைச் சிறிது சிறிதாக ஊற்றிப் பிசைந்து, கடைசியில் ஒன்றரை மேசைக்கரண்டி கடலெண்ணெய் சேர்த்து எட்டு முதல் பத்து நிமிடம் நன்றாக அடித்துப் பிசையுங்கள். சோளமாவில் பசைத்தன்மை கிடையாது என்பதால் கால் பங்குக்கு மேல் கலந்தால் மாவு இழுபடாமல் உடையும். மதுரை வெயில் காலத்தில் குழாய்த் தண்ணீரே இளஞ்சூடாக வரும் என்பதால் தனியாகச் சுடவைக்க வேண்டாம். சுடவைத்தாலும் விரல் தாங்கும் வெதுவெதுப்பைத் தாண்டினால் ஈஸ்ட் செத்துப் போகும். சித்திரை, வைகாசியில் முக்கால் மணி நேரத்துக்குள் மாவு இரு மடங்காகிவிடும். மார்கழியிலும் தை முதலிலும் ஒன்றரை மணி நேரம் வரை பொறுக்க வேண்டியிருக்கும். கடிகாரத்தைவிட மாவைப் பார்ப்பதே சரி: விரலால் அழுத்தினால் பள்ளம் உடனே நிரம்பாமல் மெதுவாக எழுந்து வர வேண்டும்.

ஈஸ்ட் இல்லாதவர்கள் அதே 300 கிராம் மாவில் இரண்டு தேக்கரண்டி பேக்கிங் பவுடரும் முக்கால் தேக்கரண்டி உப்பும் கலந்து, புளிக்காத கெட்டித் தயிர் 180 கிராம் அளவுக்குச் சேர்த்துப் பிசைந்து, 20 நிமிடம் மூடிவைத்தால் போதும். இதில் வரும் அடி சற்று மெத்தென்று இருக்கும், பல் இல்லாத பெரியவர்களுக்கு இதுவே எளிது. பேக்கரியில் கிடைக்கும் ஆயத்த பீட்சா பேஸையும் பயன்படுத்தலாம். பன்னை இரண்டாக அறுத்துப் பயன்படுத்துவதை நான் பரிந்துரைக்க மாட்டேன், ஏனென்றால் நம் பேக்கரிகளின் பன் பெரும்பாலும் இனிப்பானது, அந்த இனிப்பு சீரகத்தோடு ஒட்டுவதில்லை.

உப்பிய மாவை 12 உருண்டைகளாக்கி, ஈரத்துணியால் மூடிப் பத்து நிமிடம் ஓய்வு கொடுத்த பிறகு, எண்ணெய் தடவிய விரல்களால் தட்டியோ கட்டையால் தேய்த்தோ 4 அங்குல வட்டமாக்குங்கள். ஓய்வு கொடுக்காமல் தேய்த்தால் மாவு சுருங்கிச் சுருங்கி உள்ளே இழுத்துக்கொள்ளும். நடுவில் முள்கரண்டியால் நாலைந்து இடங்களில் குத்திவிட்டால் பூரிபோல் எழும்பாது.

மேலே வைப்பது

அசைவத்துக்குத் தோல் நீக்கிய கோழியின் கொத்துக்கறி 400 கிராம் வாங்கிக்கொள்ளுங்கள். ஆட்டுக் கொத்துக்கறியும் மிக நன்றாக இருக்கும், ஆனால் அதை முதலில் கொஞ்சம் தண்ணீர் சேர்த்துக் குக்கரில் மூன்று நான்கு விசில் விட்டு வேகவைத்து, பிறகு சட்டியில் வற்றச் செய்ய வேண்டும். எந்தக் கறியானாலும் கழுவிய பின் வடிதட்டில் போட்டு, நீர் முழுதும் இறங்கிய பிறகே எடுத்துக்கொள்ளுங்கள்.

அகலமான சட்டியில் இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய் காய்ந்ததும், பொடியாக நறுக்கிய பெரிய வெங்காயம் ஒன்றைப் போட்டு ஓரம் சிவக்கும்வரை வதக்கி, தட்டிய பூண்டு ஆறு பல் சேர்த்துப் பச்சை வாடை போனதும் கொத்துக்கறியைப் பரப்பிவிடுங்கள். தீ கூடுதலாகவே இருக்கட்டும். முதல் இரண்டு நிமிடம் கிளறாமல் விட்டால் அடிப்புறம் நிறம் பிடிக்கும், அதன் பிறகு கட்டிகளை உடைத்துக் கிளற வேண்டும். கறி விடும் தண்ணீர் முழுவதும் சுண்டி, சட்டியில் சடசடவென்ற ஓசை மாறும்போது மசாலா முழுவதையும் முக்கால் தேக்கரண்டி உப்பையும் தூவி, எண்ணெயில் ஒரு நிமிடம் புரட்டிவிட்டு, ஒரு மேசைக்கரண்டி தக்காளிச் சட்னியை மட்டும் சேர்த்துக் கிளறுங்கள். அந்தச் சட்னியைப் பற்றி அடுத்துச் சொல்கிறேன். கறி பொலபொலவென்று தனித்தனியாக உதிர வேண்டும். கரண்டியால் சட்டியின் நடுவே ஒரு கோடு இழுத்தால் அந்தக் கோட்டுக்குள் நீர் ஓடி வரக் கூடாது. அதுவே இறக்கும் பதம். இறக்கிய பிறகு எலுமிச்சை அரைமூடி பிழிந்து, அகலமான தட்டில் பரப்பி ஆறவிடுங்கள். மூடிவைத்தால் ஆவி திரும்பக் கறியிலேயே இறங்கிவிடும்.

வெள்ளி, சனியிலும் புரட்டாசியிலும் கறி சமைக்காத வீடுகள் நம்மிடம் பல. அங்கே ராஜ்மா இந்த உணவுக்கு ஏற்றது, ஏனென்றால் மெக்சிகோவில் மிளகாய்க்கும் சோளத்துக்கும் பக்கத்துணையாக விளைவதும் இந்தப் பயறுதான். 150 கிராம் ராஜ்மாவை இரவு முழுதும் ஊறவைத்து, ஊறிய தண்ணீரைக் கட்டாயம் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் குக்கரில் வேகவையுங்கள். வேகாத ராஜ்மாவில் இருக்கும் லெக்டின் என்னும் நச்சுப்பொருள் வாந்தியையும் வயிற்றுப்போக்கையும் உண்டாக்கக் கூடியது. நன்கு கொதித்த வெந்நீரில் குறைந்தது பத்து நிமிடமாவது வெந்தால்தான் அது அழியும், குறைந்த சூட்டில் நெடுநேரம் வைப்பது இதற்கு உதவாது. குக்கரில் விரலுக்கிடையில் மசியுமளவு வேகவைத்தால் அந்தக் கவலை இல்லை. வெந்த பயற்றில் பாதியை மத்தால் மசித்து, மீதியை முழுதாகவே விட்டு, கறிக்குச் சொன்ன அதே முறையில் வெங்காயம், பூண்டு, மசாலாவோடு சுண்ட வதக்குங்கள். பயற்றுக்குக் கொழுப்பு கிடையாது என்பதால் எண்ணெயை ஒரு மேசைக்கரண்டி கூட்டிக்கொள்ளலாம். ஊறவைக்க மறந்த நாளில் தட்டாம்பயறு நல்ல மாற்று, விரைவில் வெந்துவிடும். மீல் மேக்கரும் காளானும்கூட ஆகும். மீல் மேக்கரை வெந்நீரில் ஊறவைத்து நன்றாகப் பிழிந்து உதிர்த்துக்கொள்ள வேண்டும், காளானின் நீர் முழுதும் வற்றும்வரை பொறுமை வேண்டும், அவ்வளவுதான்.

பாட்டில் தக்காளி சாஸ் இங்கே வேண்டாம், அதன் இனிப்பு எல்லாவற்றையும் மூடிவிடும். நாட்டுத் தக்காளி நான்கை அடுப்புத் தீயிலேயே கம்பி வலையில் வைத்து, கத்தரிக்காய் சுடுவதுபோல் தோல் கருகி வெடிக்கும்வரை சுட்டு, தோலை உரித்து, விதை நீரைப் பிழிந்துவிட்டு மசித்துக்கொள்ளுங்கள். டாக்கோவோடு தரும் சல்சாவுக்கு மெக்சிகோவில் தக்காளியையும் மிளகாயையும் இப்படித்தான் சுடுகிறார்கள். சிறு சட்டியில் ஒரு தேக்கரண்டி எண்ணெயில் பூண்டு இரண்டு பல், இந்த மசியல், சீரகப்பொடி ஒரு சிட்டிகை, தேவையான உப்பு சேர்த்து, கரண்டியிலிருந்து சொட்டாமல் தொங்கும் பதத்துக்கு வற்ற வையுங்கள். ஐந்தாறு மேசைக்கரண்டிச் சட்னி கிடைக்கும். ஒன்று கறிக்கு, மீதி பீட்சாவில் தடவ.

சீஸ் 200 கிராம், அதாவது ஒரு பீட்சாவுக்குச் சுமார் 17 கிராம். உருகி இழுபட வேண்டுமானால் மொசரெல்லாதான் வேண்டும். கட்டிகளாக வரும் பதப்படுத்திய சீஸ் உருகும், ஆனால் இழுபடாது. சுவைக்காக இரண்டு கட்டியைத் துருவி மொசரெல்லாவோடு கலப்பதில் தவறில்லை. பன்னீரை இதற்கு மாற்றாக நினைக்க வேண்டாம், கொதித்த பாலில் எலுமிச்சை பிழிந்து திரித்த பன்னீர் எவ்வளவு சூட்டிலும் உருகாது. சீஸைத் துருவியபின் உடனே பயன்படுத்தாவிட்டால் குளிர்பெட்டியில் வையுங்கள். நம் ஊர் வெக்கையில் வெளியே வைத்தால் கால் மணி நேரத்தில் ஒன்றாக ஒட்டிக்கொள்ளும்.

அடுக்கிச் சுடுதல்

மதுரைக் கறி தோசையில் தோசைக்கு மேல் முதலில் முட்டையை ஊற்றி, அதன்மேல் கறியைப் பரப்புவார்கள். முட்டை இறுகும்போது கறியைத் தோசையோடு பிடித்துக்கொள்வதால்தான் திருப்பிப் போட்டாலும் கறி உதிர்வதில்லை. நம் பீட்சாவில் அந்த வேலையைச் சீஸ் செய்ய வேண்டும். எனவே சீஸ் முழுவதையும் மேலே தூவாமல், மூன்றில் ஒரு பங்கைச் சட்னிக்கு மேல் முதலில் தூவி, அதன்மேல் கறியை இரண்டு மேசைக்கரண்டி அளவு பரப்பி, மீதிச் சீஸைக் கடைசியில் தூவுங்கள். இப்படிச் செய்தால் பிள்ளைகள் கடிக்கும்போது பொலபொலவென்ற கறி மடியில் கொட்டாது. ஓரத்தில் அரை அங்குலம் வெறுமையாக விடுங்கள். கறியைக் குவிக்காதீர்கள், கூடுதலாக வைத்தால் சீஸ் உருகுவதற்குள் அடி கருகிவிடும்.

தோசைக்கல்லில் சுடுபவர்கள் கல்லை நடுத்தரத் தீயில் நன்றாகக் காயவைத்து, எண்ணெய் தடவித் துடைத்து, தட்டிய மாவை மூன்று நான்காகப் போடுங்கள். அடிப்புறம் ஆங்காங்கே பழுப்புப் புள்ளி விழும்வரை, ஏறக்குறைய இரண்டு நிமிடம் சுட்டு, திருப்பிப் போடுங்கள். இப்போது மேலே வந்திருக்கும் வெந்த பக்கத்தில்தான் சட்னியையும் சீஸையும் கறியையும் அடுக்க வேண்டும். வேகாத பக்கத்தில் அடுக்கினால் சட்னியின் ஈரம் மாவில் இறங்கி, நடுவில் பச்சை மாவாகவே நிற்கும். தீயை நன்றாகக் குறைத்து, குழிவான மூடியால் மூடி நான்கைந்து நிமிடம் விடுங்கள். தட்டையான மூடியில் சேரும் ஆவி நீர் சீஸின் மேல் சொட்டும் என்பதால் குழிவான மூடி வேண்டும், நடுவில் ஒருமுறை திறந்து மூடியின் உட்புறத்தைத் துணியால் துடைத்துவிடுவது இன்னும் நல்லது. மெல்லிய நான்ஸ்டிக் கல்லைவிடக் கனமான இரும்புக் கல்லில் அடி மொறுமொறுப்பாக வரும். சீஸ் உருகியும் அடி மொறுமொறுக்காமல் இருந்தால், மூடியை எடுத்துவிட்டு ஒரு நிமிடம் தீயைக் கூட்டுங்கள்.

தோசைக்கல்லில் சீஸ் உருகுமே தவிர மேலே சிவக்காது. சிவந்த புள்ளிகள் வேண்டும் என்பவர்கள் பழைய குக்கரைப் பயன்படுத்தலாம். அடியில் கல்லுப்பைப் பரப்பி, ஒரு வளையத்தை வைத்து, மூடியின் ரப்பரையும் வெயிட்டையும் கட்டாயம் எடுத்துவிட்டு, பத்து நிமிடம் சூடாக்கி, தட்டில் வைத்த பீட்சாவை உள்ளே இறக்கிப் பத்துப் பன்னிரண்டு நிமிடம் விட வேண்டும். ஒரு நேரத்தில் இரண்டுக்கு மேல் கொள்ளாது என்பது இதன் குறை. சின்ன அவன் உள்ள வீடுகளில் 220 டிகிரியில் கால் மணி நேரம் முன்சூடு செய்து, எட்டு முதல் பத்து நிமிடம் சுட்டால் ஆறு பீட்சாக்கள் ஒரே நேரத்தில் ஆகிவிடும்.

சுட்டபின் சேர்ப்பவை

டாக்கோவை டாக்கோவாக்குவது சூடான கறியின்மேல் வந்து சேரும் குளிர்ந்த, பச்சையான, புளிப்பான பொருள்கள். இவற்றைச் சுடும்போது சேர்க்கக் கூடாது, தட்டுக்கு வந்த பிறகே தூவ வேண்டும். பொடியாக நறுக்கிய வெங்காயத்தை எலுமிச்சைச் சாறும் உப்பும் கலந்து கால் மணி நேரம் ஊறவைத்தால் காட்டம் குறையும். லெட்யூஸ் கீரைக்குப் பதிலாக முட்டைக்கோஸை மயிரிழையாகச் சீவி, குளிர்ந்த நீரில் போட்டு எடுத்து, துணியில் ஒற்றி வைத்துக்கொள்ளலாம், நறுக்கென்று இருக்கும். சட்னிக்கு நாட்டுத் தக்காளி என்றால், இங்கே கெட்டியான பெங்களூர்த் தக்காளி. அதன் விதைப்பகுதியை நீக்கிவிட்டுச் சதையை மட்டும் நறுக்குங்கள். கொத்தமல்லித்தழையைத் தாராளமாகவே தூவலாம். புளித்த கிரீமுக்குப் பதில், ஒரு கோப்பைக் கெட்டித் தயிரை வெள்ளைத் துணியில் கட்டி ஒரு மணி நேரம் தொங்கவிட்டு, உப்பும் எலுமிச்சையும் சேர்த்து அடித்தால் அதற்கு எந்த விதத்திலும் குறையாத ஒன்று கிடைக்கும். தாண்டிக்குடி மலைப்பக்கத்திலிருந்து வரும் பட்டர் ஃப்ரூட் கிடைக்கும் பருவத்தில் ஒன்றை மசித்து, வெங்காயம், பச்சை மிளகாய், எலுமிச்சை சேர்த்துப் பக்கத்தில் வைத்தால் சிறப்பு. மேலே உடைத்துத் தூவச் சோளச் சிப்ஸ் ஒரு கைப்பிடி இருந்தால், ரொட்டியைப் பொரித்துச் செய்யும் டாக்கோ ஓட்டின் மொறுமொறுப்பும் வந்துவிடும்.

இரவு எட்டு மணிக்குச் சாப்பிட வேண்டுமானால், ராஜ்மாவாக இருந்தால் முந்தின இரவே ஊறியிருக்க வேண்டும், மற்றவற்றை மாலை ஐந்தரைக்குத் தொடங்கினால் போதும். முதலில் மாவைப் பிசைந்து மூடிவைத்து, தயிரைக் கட்டித் தொங்கவிட்டு, மாவு உப்பும் நேரத்தில் மசாலா, சட்னி, கறி என்ற வரிசையில் முடித்துக்கொள்ளுங்கள். ஏழேகாலுக்கு மாவைத் தட்டத் தொடங்கினால் ஏழரைக்குக் கல் காய்ந்துவிடும். அடியை மட்டும் இருபுறமும் அரைவேக்காடாகச் சுட்டு அடுக்கி வைத்துவிட்டு, ஒவ்வொருவரும் தம் விருப்பப்படி அடுக்கித் தந்ததைக் கல்லில் மூடி உருக்கித் தருவது குடும்பமாக உண்ணும் இரவுக்கு ஏற்ற முறை. காரம் வேண்டாம் என்கிற சின்னப் பிள்ளைக்குக் கறியைக் குறைத்துச் சீஸைக் கூட்டலாம், அப்பத்தாவுக்கு வெங்காயம் வேண்டாம் என்றால் விட்டுவிடலாம், கறி சாப்பிடாதவருக்குப் பயறு வைக்கலாம். பயற்றுப் பீட்சாக்களை முதலில் சுட்டுவிட்டு, கறி வைத்தவற்றைப் பிறகு அதே கல்லில் சுடுவது விரதம் இருப்பவர்களுக்குச் செய்யும் மரியாதை. சுட்டதைச் சுடச்சுட உண்ண வேண்டும் என்பதால், சமைப்பவர் தனியே நின்று கடைசியில் ஆறியதைச் சாப்பிடும்படி விட்டுவிடாமல், கல்லடியில் முறை மாற்றி நிற்பதற்கு வீட்டில் உள்ள பெரிய பிள்ளைகளைப் பழக்குங்கள்.

மீந்த கறியும் சட்னியும் மூடிய பாத்திரத்தில் குளிர்பெட்டியில் இரண்டு நாள் இருக்கும். அரைவேக்காட்டு அடிகள் ஆறிய பிறகு, நடுநடுவே தாள் வைத்து உறைபெட்டியில் அடுக்கினால் ஒரு மாதம்வரை தாங்கும், எடுத்து நேரே கல்லில் போட்டுவிடலாம். மசாலாவை உப்பில்லாமல் அரைத்தோம் என்பதால் இரட்டிப்பாக அரைத்துக் கண்ணாடிச் சீசாவில் ஈரம்படாமல் வைத்துக்கொள்ளலாம். மறுநாள் மீந்த பீட்சாவை மைக்ரோவேவில் வைத்தால் அடி தோலாகிவிடும், தோசைக்கல்லில் மெல்லிய தீயில் மூடிவைத்து மூன்று நிமிடம் சூடாக்குங்கள். பச்சைக் காய்களைத் தூவிய பின் மீந்தவற்றைச் சேமிக்க முடியாது, ஆகையால் உண்ணும் எண்ணிக்கைக்கு மட்டும் தூவிக்கொள்ளுங்கள்.